இலையுதிர்கால அடைமழையில் பல நாள் நடைப்பயணம்: எங்கே தவறினேன்?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு அக்டோபர் இறுதியில், 12 நாளில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து முடிக்கும் திட்டத்துடன், கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்துகொண்டு தனியாகப் புறப்பட்டேன். நான்காம் நாள் காலையில் திரும்பிவிட்டேன். இந்த ஆண்டும் அதே பருவத்தில் அதே வழியில் செல்ல விரும்புகிறேன். இலை பழுத்து உதிரும் அந்தச் சில வாரங்களில் காடு கொள்ளும் நிறத்துக்காகத்தான் இந்தப் பிடிவாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற முறை என்ன தவறு செய்தேன் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. எனவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் நாள் தூறலோடு கழிந்தது. இரண்டாம் நாள் நண்பகலில் தொடங்கிய மழை, காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடித்தது. நான் அணிந்திருந்தது நீர் புகாது என்ற உறுதியோடு விற்கப்பட்ட, இரண்டே ஆண்டுகள் பயன்படுத்திய நல்ல ஜாக்கெட். ஆயினும் மாலை மூன்று மணிக்குள் உள்ளே இருந்த சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அது மழையா வியர்வையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. முதுகுப்பையின் மேல் போட்டிருந்த மழையுறையைக் காற்று தூக்கித் தூக்கி அடித்தது. கூடாரம் அடித்த பிறகு பையைத் திறந்து பார்த்தால், அடியில் தண்ணீர் தேங்கி, தூக்கப்பையில் கால் வைக்கும் பகுதி ஊறிக் கிடந்தது. காய்ந்த உடைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்ததால், மூன்றாம் நாள் மாலைக்குள் ஒரு நூல்கூட உலர்ந்ததாக மிஞ்சவில்லை.

அந்த மாலைதான் என் மனத்தை இன்றும் உறுத்துகிறது. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடும் கூடாரத்தை நிறுத்த ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடித்தது. கம்பின் நுனியைத் துணியின் ஓரத்தில் இருக்கும் சிறு வளையத்துக்குள் செருக வேண்டும். விரல்கள் கம்பைப் பிடித்திருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கைக்குத் தெரியவில்லை. இரண்டு முறை கம்பு நழுவி விழுந்த பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அச்சம் ஏதும் தோன்றவில்லை. அப்படியே சிறிது நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று மட்டுமே தோன்றியது. மறுநாள் காலை, கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று குறித்து வைத்திருந்த ஓடை, செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடியது. திரும்பிவிட்டேன்.

என் கேள்விகள் இவை. குறை என் ஜாக்கெட்டிலா, என்னிடமா? நாள் கணக்கில் விடாமல் பெய்யும் மழையில் எதையாவது உலர்வாக வைத்திருப்பது உண்மையில் இயலுமா? ஓடையைக் கடப்பதா வேண்டாமா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறீர்கள்? தொலைபேசித் தொடர்பு இல்லாத இடத்தில், புயல் வருவதை எப்படி முன்கூட்டியே உணர்கிறீர்கள்? வழியில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உண்டு.

மலைச்சாரல் எழுதியது:

நண்பரே, ஓடைக்கரையிலிருந்து நீங்கள் திரும்பியது மிகச் சரியான முடிவு. அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள்.

முதலில் ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன். கோர்-டெக்ஸ் ஆனாலும் அதை ஒத்த வேறு துணி ஆனாலும், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு நீராவியை வெளியே விடுவது, உள்ளே ஈரப்பதம் மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும் வரையில்தான். நாள் முழுதும் மழை பெய்து காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அந்த வேறுபாடு மிகவும் சுருங்கிவிடுகிறது. அதற்கு மேல், வெளித்துணியில் பூசப்பட்டிருக்கும் நீர்விலக்குப் பூச்சு தேய்ந்துவிட்டால், துணி தண்ணீரைக் குடித்து ஒரு ஈரப் போர்வையாக மாறிவிடும். சவ்வு கிழியவில்லை, மழையும் உள்ளே வரவில்லை. ஆனாலும் உங்கள் வியர்வைக்கு வெளியேற வழியில்லை. உங்கள் சட்டையை நனைத்தது பெரும்பாலும் வியர்வைதான் என்பது என் ஊகம். தோளிலும் முழங்கையிலும் சிறிது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு விழுந்தால் பூச்சு நலமாக இருக்கிறது. துணி கறுத்துப் படர்ந்தால் பூச்சு போய்விட்டது. துணிக்குரிய சோப்பால் துவைத்து, உற்பத்தியாளர் சொல்லும் அளவில் இளஞ்சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு மீளும். மீளாவிட்டால் புதிய பூச்சைத் தெளித்துக்கொள்ளலாம். ஃப்ளோரின் சேர்மங்கள் இல்லாத இன்றைய பூச்சுகள் எண்ணெய்ப் பிசுக்கை எதிர்ப்பதில் பழையவற்றை விடப் பலவீனமானவை என்பதால், முன்னைவிட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது. துவைத்தால் கெட்டுவிடும் என்று பலரும் ஜாக்கெட்டை அழுக்கோடே வைத்திருக்கிறார்கள். அது தவறு.

ஆனால் பூச்சைப் புதுப்பித்தாலும், விடாத மழையில் எட்டு மணி நேரம் நடப்பவர் நனையாமல் இருக்க முடியாது. நான் இதை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. ஏற்றுக்கொண்ட பிறகுதான் மழையில் நடப்பது எனக்குக் கைவந்தது. பகலில் நம் வேலை உலர்வாக இருப்பதன்று, சூட்டோடு இருப்பது. ஜாக்கெட்டின் தலையாய பணி காற்றைத் தடுப்பதும், தோலை ஒட்டியுள்ள ஈரத்தைக் குளிர்ந்த புதுத் தண்ணீர் அடித்துச் செல்லாமல் காப்பதும்தான். உள்ளே ஒரே ஒரு மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ போதும். பருத்தி ஒருபோதும் வேண்டாம். ஏற்றம் தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். அக்குளில் ஜிப் இருந்தால் திறந்து வையுங்கள். நடக்கத் தொடங்கும்போது சற்றே குளிர வேண்டும். தொடக்கத்திலேயே கதகதப்பாக இருந்தால் அரை மணியில் வியர்வையில் குளிப்பீர்கள்.

உங்கள் உண்மையான தவறு உடைகளை ஒவ்வொன்றாக மாற்றியது. என் பையில் இரண்டே தொகுதிகள்தாம் இருக்கும். ஒன்று நடப்பதற்கு, அது எப்போதும் ஈரம். மற்றொன்று உறங்குவதற்கு, மேலாடை, காற்சட்டை, காலுறை, தொப்பி எல்லாம் அதில் அடங்கும். உறங்கும் உடை கூடாரத்தின் உள்ளறையை விட்டு எக்காரணம் கொண்டும் வெளியே வராது. மழை நின்றுவிட்டது, ஐந்து நிமிடம் வெளியே போய் வரலாம் என்றாலும் வராது. காலையில் அந்த உலர்ந்த உடையைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிட்டு, நேற்றைய ஈரச்சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொள்ள வேண்டும். முதுகில் படும்போது மூச்சே நின்றுவிடும் போலிருக்கும். உடனே நடக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் உடல் சூடேறிவிடும். இந்தப் பத்து நிமிடத்துக்கு அஞ்சித்தான் பலரும் தங்கள் கடைசி உலர்ந்த உடையைப் பகலில் நனைத்துக்கொள்கிறார்கள்.

ஈர உடைகளைத் தூக்கப்பைக்குள் போட்டு உடல் சூட்டில் உலர்த்தும் பழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு சட்டையும் காற்சட்டையும் அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்திருந்தால், அதை உலர்த்த உங்கள் உடலிலிருந்து 290 கிலோகலோரி போகிறது. ஆவியும் தூக்கப்பையின் நிரப்பிலேயே போய்ப் படிகிறது. காலுறை ஒரு இணை மட்டும் விதிவிலக்கு. அதை நன்றாகப் பிழிந்து வயிற்றின் மேல் வைத்துப் படுத்தால் காலையில் ஓரளவு உலர்ந்திருக்கும்.

பையின் வெளியுறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும் அது, முதுகின் வழியே வழியும் தண்ணீரைத் தடுப்பதில்லை. அடியில் குளமாகத் தேக்கியும் வைக்கிறது. கெட்டியான பெரிய பாலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, தூக்கப்பையையும் உறங்கும் உடையையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி, மடக்கிச் செருகுங்கள். ஈரக் கூடாரம் அதற்கு வெளியே இருக்கட்டும். நிரப்பு பறவையின் மென்சிறகு என்றால் நனைந்ததும் அது கட்டிப்பட்டுச் சூட்டை இழந்துவிடும். செயற்கை இழை எடை கூடினாலும் ஈரத்தில் ஓரளவு தாங்கும். இலையுதிர்காலத்துக்கு நான் செயற்கை இழையைத்தான் எடுத்துச் செல்கிறேன்.

வெண்முகில் எழுதியது:

நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். விடுமுறைகளில் நானும் நடக்கிறேன். உங்கள் மூன்றாம் நாள் மாலையைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நீங்கள் விவரித்திருப்பது வெறும் களைப்பு அன்று. ஹைபோதெர்மியாவின் தொடக்கமாகவே எனக்குப் படுகிறது.

உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஹைபோதெர்மியா என்கிறோம். முதலில் கடுமையான நடுக்கம் வரும், பிறகு விரல்கள் பேச்சைக் கேட்காது, சொற்கள் குழறும், கால் இடறும், எரிச்சலோ அக்கறையின்மையோ தோன்றும். 32 பாகையை ஒட்டிக் கீழே போகும்போது நடுக்கமே பலருக்கு அடங்கிவிடும். அதைப் பார்த்து, குளிர் விட்டுவிட்டது என்று நம்பிவிடுவதுதான் பெருங்கேடு. "அப்படியே உட்கார்ந்திருக்கலாம்" என்று உங்களுக்குத் தோன்றியதே, அதுதான் உங்கள் கதையில் என்னை மிகவும் கலங்கச் செய்த வரி. ஆபத்தை எடைபோட வேண்டிய மூளைதான் முதலில் மந்தமாகிறது. ஆகவே தனியாக நடப்பவர் தன் உணர்வை நம்பி முடிவெடுக்க முடியாது.

பனி பெய்தால்தான் இது வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் 2 முதல் 10 பாகை வரையிலான வெப்பநிலையில், மழையும் காற்றும் சேர்ந்த நாள் பல வேளைகளில் உலர்ந்த உறைபனி நாளைவிடக் கொடியது. பனித்துகளைத் தட்டிவிடலாம், மழை துணிக்குள் இறங்கி, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் காற்றை வெளியேற்றிவிடுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 1964 மார்ச் மாதம் இங்கிலாந்தில் ஃபோர் இன்ஸ் என்ற நெடுநடைப் போட்டியில், மழையிலும் காற்றிலும் சிக்கி மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் ஆய்வாளராகச் சென்ற கிரிஃபித் ப்யூ அந்த இறப்புகளை ஆராய்ந்தார். நனைந்த உடை காற்றில் எவ்வளவு காப்பை இழக்கிறது என்பதைத் தொடர்ந்து சோதித்தும் காட்டினார். அவருடைய ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வேகமாக நடந்துகொண்டிருக்கும் வரை, நனைந்த உடையிலும் ஒருவரின் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது. களைத்து நடை தளர்ந்ததும் அந்த உலை அணைகிறது. அதன் பிறகு சரிவு மிக வேகமானது. ஆகவே மழையில் களைப்பு என்பது வெறும் அலுப்பு அன்று, நேரடியான உயிராபத்து.

இதனால்தான் மழை நாளில் உணவை நான் உடைக்கு இணையாக வைக்கிறேன். மழையில் நின்று சாப்பிட யாருக்கும் மனம் வராது; நாளெல்லாம் ஒன்றும் உண்ணாமல் நடந்து, மாலையில் விறைத்துப் போவார்கள். மணிக்கு ஒரு முறை, நடந்துகொண்டே, இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த ஏதாவது ஒன்றை வாயில் போடுங்கள். பொட்டலங்களின் வாயைக் காலையிலேயே கூடாரத்துக்குள் வைத்துக் கத்தரித்து, ஜாக்கெட்டின் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். விறைத்த விரலால் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க முடியாமல், பல்லால் கடித்தும் முடியாமல், கையில் உணவோடு பசித்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே கையின் கட்டைவிரலால் சுண்டுவிரலின் நுனியைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால், அந்த இடத்திலேயே, காற்று படாத மூலையில் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. கூடாரத்துக்குள் புகுந்து, ஈரத்தைக் களைந்து, உலர்ந்த உடையோடு தூக்கப்பையில் நுழைந்து, அடியில் விரிப்பு இருப்பதை உறுதி செய்து, இனிப்பானதை உண்டு, சூடானதைக் குடியுங்கள். மது கூடாது. உடன் இருப்பவர் ஒருவருக்கு நடுக்கம் அடங்கி நினைவு மங்கினால், அவர் கைகால்களைத் தேய்க்காதீர்கள், எழுப்பி நடக்க வைக்காதீர்கள். படுத்த நிலையிலேயே மிக மெதுவாகக் கையாண்டு, போர்த்தி, மீட்புக் குழுவை அழையுங்கள். அந்த நிலையில் உடலை உலுக்கினால் இதயத் துடிப்பே தாளம் தவறக்கூடும். தொலைபேசி எட்டாத இடத்தில் விசில்தான் துணை: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஊத வேண்டும்.

பாதங்களைப் பற்றி ஒரு சொல். பல நாள் ஈரத்திலும் குளிரிலும் ஊறும் பாதம் வெளுத்து, மரத்து, பிறகு சிவந்து எரியும்; முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்களைப் படுத்திய அதே கேடு இது. பகலில் ஈரத்தைத் தவிர்க்க முடியாது. இரவில் எட்டு மணி நேரம் உலர்ந்த காலுறைக்குள் பாதம் இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஓடைக்கரை எழுதியது:

மேலே இருவரும் எழுதியவற்றோடு முழுதும் உடன்படுகிறேன். ஆனால் அடிப்படைத் தவறு ஜாக்கெட்டுக்கும் பைக்கும் முன்பே, திட்டத்தாளிலேயே நேர்ந்துவிட்டது என்பது என் கருத்து.

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் 20 கிலோமீட்டருக்கு நான்கு மணி, 900 மீட்டருக்கு ஒன்றரை மணி, ஆக ஐந்தரை மணி. இது சுமையும் ஓய்வும் சேராத நல்ல வானிலைக் கணக்கு. சேறு, வழுக்கும் வேர், எதிர்க்காற்று, சுற்றிப் போக வேண்டிய ஓடை இவற்றுக்காக நான் பாதியளவு கூட்டுவேன். எட்டேகால் மணி ஆகிவிட்டது. வடக்கே 50 பாகை அட்சத்தில் அக்டோபர் இறுதியில் பகல் ஏறத்தாழ பத்து மணி நேரம்தான். கூடாரம் பிரிக்கவும் அடிக்கவும் உண்ணவும் எடுக்கும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள், மீதம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் விளிம்பில் நடந்திருக்கிறீர்கள். மருத்துவர் சொன்ன களைப்பு அங்கிருந்துதான் வந்தது. மழைக்காலத் திட்டத்தில் நாளுக்கு 14, 15 கிலோமீட்டருக்கு மேல் வைக்க வேண்டாம். நான்கு நாளுக்கு ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். எந்தெந்த இடத்திலிருந்து சாலைக்கு இறங்கலாம் என்பதையும், முகட்டு வழிக்கு மாற்றாக எந்தப் பள்ளத்தாக்கு வழி உண்டு என்பதையும் புறப்படும் முன்பே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடம் காகிதத்திலும் இருக்கட்டும். நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது, குளிரில் பேட்டரியும் எதிர்பாராமல் இறங்கிவிடும்.

இனி ஓடை. ஓடும் நீர் தள்ளும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. அதோடு ஆழமும் கூடினால், நீர் தள்ளும் கால்பரப்பும் கூடுகிறது. ஆகவே நேற்று கணுக்கால் அளவில் கடந்த இடத்தை இன்று முழங்கால் அளவில் கடப்பது வேறொரு செயல். நான் கரையில் நின்று முதலில் கேட்பேன். அடியில் கற்கள் உருண்டு மோதும் 'கடகட' ஒலி தண்ணீரின் இரைச்சலுக்குக் கீழே மங்கலாகக் கேட்டால் அங்கேயே முடிவு எடுத்தாயிற்று, கடப்பதில்லை. நீர் கலங்கி நிறம் மாறியிருந்தாலும், கிளைகள் மிதந்து வந்தாலும் அதே முடிவு. இல்லையென்றால் ஒரு குச்சியை எறிந்து, கரையோரமாக அதனுடன் நடந்து பார்ப்பேன். என் விரைவு நடையை அது முந்தினால், முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் இறங்குவதில்லை. கடக்கத்தக்கதாக இருந்தால், ஒடுங்கிய இடத்தைத் தவிர்த்து, நீர் அகன்று பரவும் இடத்தைத் தேட வேண்டும். கீழே அருவியோ, ஓடைக்குள் விழுந்து கிடக்கும் மரமோ இருக்கக் கூடாது. மரக்கிளைகள் நீரை விட்டுவிட்டு மனிதரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலணியைக் கழற்றாமல், பையின் நெஞ்சுப் பட்டையைக் கழற்றி, இடுப்புப் பட்டையை ஒரே இழுப்பில் விடுவிக்கும்படி வைத்து, கோலை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள்.

சிறு ஓடைகளுக்கு ஒரு நற்குணம் உண்டு: மழை நின்றால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். எனவே காத்திருப்பது வீண் அன்று. இரவு மழை உறுதி என்று தெரிந்தால், ஓடையைக் கடந்துவிட்டு அக்கரையில், நீர்மட்டத்துக்கு நன்கு மேலே கூடாரம் அடிப்பது பொதுவான வழக்கம். ஆனால் அதற்கு அடுத்து இன்னொரு ஓடை இருந்தால், இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்வீர்கள்; அப்படியானால் இக்கரையிலேயே தங்குவது நல்லது. இதற்காகவே ஓடைகளை எண்ணி, வரிசையோடு எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

வானிலைக்கு என் துணை காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் கைக்கடிகாரம். மாலையில் கூடாரம் அடித்ததும் அது காட்டும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அசையவில்லை, ஆனால் மூன்று மணி நேரத்தில் அது 50 மீட்டர் கூடுதலாகக் காட்டினால், அழுத்தம் ஏறத்தாழ 6 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிட்டது என்று பொருள். அது மிக வேகமான இறக்கம், பலத்த காற்றை எதிர்பாருங்கள். கருவி இல்லையென்றாலும், வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கத்தில் இருக்கும். மழை திடீரென்று வெறித்து, காற்று திசை மாறி, வெப்பம் சட்டென்று இறங்கும் தருணத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது குளிர்ந்த காற்றின் முகப்பு கடந்து சென்ற அடையாளம். தொப்பலாக நனைந்த உடலோடு அந்தக் குளிர்க்காற்றில் நிற்பது, முந்தைய மழையைவிடக் கொடுமையானது. இடி இருந்தால், மின்னலுக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட வினாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 வினாடிக்குள் கேட்டால் முகட்டை விட்டு இறங்கி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மேலே செல்லுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். இலைகள் முழுதும் உதிராத மரம் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கிறது. மண்ணும் ஊறி இளகியிருப்பதால் முதல் பெரும் புயலில் வேரோடு சாயும் மரங்கள் ஏராளம். காட்டுக்குள் ஒதுங்குவது நல்லதுதான், ஆனால் கூடாரம் அடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். பட்ட மரமும் தொங்கும் கிளையும் இருக்கும் இடத்தை விட்டு விலகுங்கள்.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மலைச்சாரல் ஐயா சொன்னபடி ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மார்பில் முத்தாக உருண்டது. பையின் பட்டை உராயும் இரண்டு தோளிலும் நொடியில் கறுத்துப் படர்ந்தது. அந்தத் தோள்கள்தாம் அன்று முதலில் குளிர்ந்தன என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

திட்டத்தை 17 நாளாக நீட்டிவிட்டேன். இறங்கும் வழிகள் நான்கைக் குறித்தாயிற்று. ஓடைகளை எண்ணினேன், பதினொன்று இருக்கின்றன. மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகு தனியாகச் செல்லும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். நண்பர் ஒருவர் உடன் வருகிறார். அவருக்கு மழையில் நடந்த பழக்கம் இல்லை. புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் நாங்கள் இருவரும் எதைப் பழகிக்கொள்ள வேண்டும்?

மலைச்சாரல் எழுதியது:

நண்பர் உடன் வருவது எனக்குப் பெரும் நிம்மதி. அவருக்கு இந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். முக்கியமாக, திரும்பலாம் என்று இருவரில் ஒருவர் சொன்னாலும் மற்றவர் மறுக்காமல் திரும்ப வேண்டும் என்பதை இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். மழையில் நின்றுகொண்டு அதை வாதிடக் கூடாது.

பழக வேண்டியது கூடாரம்தான். நல்ல மழை பெய்யும் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து, ஜாக்கெட்டோடும் தலைவிளக்கோடும் வெளியே சென்று, கையுறையை வாளித் தண்ணீரில் முக்கி மாட்டிக்கொண்டு கூடாரத்தை நிறுத்திப் பாருங்கள். உள்ளறை நனையாமல் வெளித்துணி முதலில் ஏறுகிறதா, காற்றை எதிர்கொள்ளும் முனையில் முதல் முளை இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஒருவர் துணியின் மேல் முழங்காலை ஊன்றிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கம்பைச் செருக வேண்டும். பிறகு இடம் மாறிச் செய்யுங்கள், ஏனெனில் யார் கை முதலில் விறைக்கும் என்று சொல்ல முடியாது. எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிப்பின் இழுப்பான், பையின் கொக்கி, கம்பைச் செருகும் வளையம் என்று தடுமாறிய ஒவ்வொன்றிலும், உள்ளங்கை நீளத்துக்குக் கயிற்றை மடித்து முடிச்சிட்டுத் தொங்கவிடுங்கள். விரல் மரத்தாலும் அதை மணிக்கட்டில் மாட்டி இழுக்கலாம். என் கூடாரத்தில் அப்படி ஒன்பது கயிறுகள் தொங்குகின்றன.